மெட்ராஸில் விட்டு வந்த கல்

ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இல்லாதபோது எந்த வண்டியும் பொது இடத்தில் நிற்கக் கூடாது. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் இயந்திரத்தை அணைத்து, பிரேக்கைப் போட்டிருக்க வேண்டும். அல்லது வண்டி தானாக நகர்ந்துவிடாதபடி வேறு தக்க ஏற்பாடு செய்திருக்க வேண்டும். 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் எண்பத்து நான்காம் பிரிவு ஏறத்தாழ இப்படித்தான் சொல்லியது. சட்டம் எழுதியவர் 'வேறு தக்க ஏற்பாடு' என்று எதை நினைத்து எழுதினாரோ தெரியாது. எனக்கு அந்தச் சொற்களைப் படிக்கும்போதெல்லாம் ஒரு கல் கண்முன் வந்து நிற்கிறது. கருமையில் லேசாகப் பச்சை ஓடிய கல். ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் ஆப்பு மாதிரி மெலிந்திருக்கும். குரங்கணி என்ற மலையூருக்குக் கீழே ஆற்றில் கிடந்தது அது. சக்கரம் ஏறி அழுந்தி அழுந்தி அதன் முகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழவழப்பு உண்டாகியிருந்தது. சாக்குத் துணியில் சுற்றி, ஜீப்பின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடக்கும். துணியை விலக்கினால் டீசல் வாசனையும் ஏலக்காய் வாசனையும் ஒன்றாக எழும்.

கல் டிரைவர் அண்ணனுடையது. போடியில் ஓர் ஏலத்தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தில் நான் எழுத்தராக இருந்தேன். தோட்டம் போடிமெட்டுக்கு அப்பால், கேரள எல்லைக்குள். மனு எழுதுவது, விண்ணப்பம் நிரப்புவது, எந்த அலுவலகத்தில் எந்த மேசைக்கு எந்தத் தாள் போக வேண்டும் என்று சொல்வது என் வேலை. விதிகளைப் படிப்பதில் எனக்கு அப்போதே ஒரு கெட்ட ருசி இருந்தது. டிரைவர் அண்ணனுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். என்னை 'ரைட்டர் தம்பி' என்பார். காலையில் தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு மேலே போவார், பொழுது சாயும்போது மூட்டைகளோடு இறங்குவார். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அவர் வண்டி ஓட்டுவதைப் பார்த்தால், பனிமூட்டத்துக்குள் யாரோ நிதானமாகக் கையெழுத்துப் போடுவதுபோல் இருக்கும்.

எங்கள் மலைப்பாதைக்கு என்று எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு விதி இருந்தது. வழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குகிறவர் முன்சக்கரத்தை மலைப்பக்கமாக ஒடித்து, கியரில் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். சாவியை மட்டும் எடுக்கவே கூடாது. பாதை அவ்வளவு குறுகல். எதிரே லோடு லாரி வந்துவிட்டால், டீக் குடிக்கப் போனவரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வந்தவரே ஏறி, நிற்கிற வண்டியை நாலடி நகர்த்தி இடம் செய்துகொள்வார். நகர்த்தியவர் கல்லையும் எடுத்து வந்து மறுபடி சக்கரத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவனை மலையில் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். கல்லைப் பாதையில் விட்டுப் போகிறவனோடு பேசவே மாட்டார்கள்.

1978இல், காய்ப்பறிப்பு தொடங்கச் சில வாரம் இருக்கும்போது, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் காற்றாடி மோட்டார் எரிந்துபோனது. பச்சைக்காய் இரண்டு நாள் கிடந்தால் நிறம் போய்விடும். மெட்ராஸில் பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அதே அளவு மோட்டார் இருப்பதாகக் கடிதம் வந்தது. முதலாளி என்னையும் டிரைவர் அண்ணனையும் ஜீப்போடு அனுப்பினார். நான் மெட்ராஸை ஏற்கெனவே இரண்டு முறை ரயிலில் போய்ப் பார்த்தவன். அவர் திண்டுக்கல்லுக்கு வடக்கே போனதே இல்லை.

அந்தப் பயணம் இன்றைக்கும் எனக்குப் பாதிக் கனவாகத்தான் நினைவிருக்கிறது. திருச்சி தாண்டியதும் சாலை நிமிர்ந்து கிடந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்கள் வந்துகொண்டே இருந்தன. வளைவே இல்லை. எங்கோ தூரத்தில் தண்ணீர் தேங்கியதுபோல் தார் மினுங்கும். கிட்டே போனால் இருக்காது. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கைச் சும்மா பிடித்தபடியே வந்தார். பிறகு, "தம்பி, வண்டிய நான் ஓட்டுறனா, ரோடு ஓடுதான்னு தெரியல. கைக்குச் சோலியே இல்லையே" என்றார். தூக்கம் வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். விழுப்புரத்தில் தங்கி, மறுநாள் காலை பத்து மணிவாக்கில் மெட்ராஸுக்குள் நுழைந்தோம்.

நகரத்தில் அவரைக் குழப்பியது கூட்டம் இல்லை. மலையில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அது எழுதிய விதியும்கூட. இங்கே எல்லாம் சமதரை. முதல் நாற்சந்தியில் அவர் வண்டியை நிறுத்தி, நாலு பக்கமும் பார்த்து, "யாரு ஏத்தத்துல வர்றா, யாரு எறக்கத்துல வர்றான்னு பிடிபடலையே தம்பி" என்றார். நல்ல கேள்வி. எதற்கும் எல்லாருமே ஏறி வருகிறவர்கள்தான் என்று வைத்துக்கொண்டு எல்லாருக்கும் வழிவிட்டார். எங்களுக்குப் பின்னால் பஸ்காரர்கள் அவருடைய தாய் தந்தையரைப் பற்றி விசாரித்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். அவ்வளவு சத்தத்துக்கும் நடுவே ஜீப்புக்குள் மட்டும் மலையின் அமைதி உட்கார்ந்திருந்தது. எனக்கு ஏனோ தண்ணீருக்கு அடியில் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

கடை இருந்த தெருவில் ஓரமாக ஓர் இடம் கிடைத்தது. அண்ணன் முன்சக்கரத்தைக் கடைச் சுவர்ப்பக்கம் ஒடித்தார். முதல் கியரில் போட்டார். இறங்கி, சாக்கைப் பிரித்து, கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். குனிந்து அது சரியாக உட்கார்ந்ததா என்று உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, சாவிய எடுக்கவா, விடவா? ஊரு புதுசு" என்று கேட்டார்.

எனக்கு விதி தெரியும். நகரம் எப்படிப்பட்டது என்பதும் ஓரளவு தெரியும். ஆனால் கையில் காகிதக் கட்டு. கடைக்காரரிடம் என்ன பேச வேண்டும் என்று மனத்துக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. சமதரையில் கல் வைத்துவிட்டு நிற்கிற மனிதரைப் பார்த்து உள்ளுக்குள் கொஞ்சம் சிரிப்பும் வந்தது. "உங்க வழக்கம் எப்படியோ அப்படியே செய்யுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவர் சாவியை விட்டுவிட்டு என் பின்னால் வந்தார்.

மோட்டாரை ஓட்டிப் பார்த்து, பெட்டியில் கட்டச் சொல்லிவிட்டு வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஜீப் நிறுத்திய இடத்தில் இல்லை. அண்ணன் பதறாமல் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். முப்பது அடி தள்ளி ஒரு வேப்பமர நிழலில் ஜீப் நின்றது. சாவி அப்படியே தொங்கியது. யாரோ சரக்கு இறக்க நகர்த்தியிருக்கிறார்கள். அவர் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு வேறு முகத்தில் பார்த்ததில்லை. "பாத்தீகளா தம்பி! மெட்ராஸு மெட்ராஸுன்னு பயமுறுத்துனாங்களே. இங்கயும் நம்மள மாதிரி ஆளுகதான் இருக்காக!"

சொல்லிக்கொண்டே குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். கல் இல்லை.

நகர்த்தியவன் கல்லைத் திரும்ப வைக்கவில்லை. ஜீப் முதலில் நின்ற இடத்திலேயே, தெருவில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அங்கே இப்போது ஒரு சின்னக் கூட்டம். ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் நடைபாதையில் உட்கார்ந்து, வலது மணிக்கட்டை இடது கையில் ஏந்தியிருந்தார். மணிக்கட்டு இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது. ஒரு போலீஸ்காரர் கல்லைக் காலால் தட்டி, "எவன்யா இத்தக் கொண்டாந்து நடுரோட்டுல போட்டது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கும் தெரியவில்லை. ஜீப்பையும் கல்லையும் சேர்த்துப் பார்க்க அங்கே ஒருவருமில்லை.

நான் அண்ணனின் கையைப் பிடித்தேன். "பேசாம வாங்கண்ணே. நம்ம கல்லுன்னு யாருக்கும் தெரியாது. நீங்க வச்ச எடத்துலயும் இல்ல, நீங்க வச்ச நெலையிலயும் இல்ல. சட்டப்படி…"

அவர் என் கையை மெதுவாக விலக்கினார். கோபமில்லாமல், தோளில் விழுந்த இலையைத் தட்டிவிடுவதுபோல. கூட்டத்துக்குள் போய், "கல்லு என்னோடதுங்க" என்றார்.

"எந்த ஊருய்யா நீ?"

"போடிங்க."

"மெட்ராஸுக்குக் கல்லைத் தூக்கினு வந்துக்கிறியா? இங்க மலை எங்கக்கீது?" என்று ஒருவன் கேட்க, கூட்டம் சிரித்தது.

"மலை இருந்தா எந்தப் பக்கம் உருளும்னு தெரியுங்க. இல்லாத எடத்துலதான பயம்" என்றார் அண்ணன். யாரும் சிரிக்கவில்லை. அடிபட்டவர் மட்டும் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

அவரை எங்கள் ஜீப்பிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழி சொல்லப் போலீஸ்காரர் முன்னால் ஏறிக்கொண்டார். வலியில் கண்ணை மூடியிருந்த அந்த மனிதர் பாதி வழியில், "இந்த வண்டியில என்ன வாசனை?" என்று கேட்டார். "ஏலக்காய்ங்க" என்றேன். "பாயசம் வைக்கிற வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவர் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

அங்கிருந்து காவல் நிலையம். மேசையில் இருந்த அதிகாரி அண்ணனின் உரிமப் புத்தகத்தை வாங்கி இழுப்பறையில் போட்டார். கல்லை மேசைக்கடியில் வைத்தார். "கோர்ட்டுல இருந்து சம்மன் வரும். அதுவரைக்கும் வண்டியத் தொடாதே. புரியுதா?" என்றார். "தொட மாட்டேங்க" என்றார் அண்ணன்.

உரிமத்தை எடுத்துக்கொள்ளும் அதிகாரி அதற்கு ஒரு தற்காலிகச் சீட்டுத் தர வேண்டும். அந்தச் சீட்டு கையில் இருக்கும்வரை ஓட்டலாம். இதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. இதுவும் எனக்குத் தெரியும். அந்த மேசைக்கு முன்னால் நின்று அதைச் சொல்லப் பயந்தேன். சீட்டுக் கேட்காமலே வெளியே வந்தேன். மோட்டாரை ஏற்றி, வாடகைக்கு ஓர் ஓட்டுநரைப் பிடித்து ஊர் திரும்பினோம். அண்ணன் பின்னால் மோட்டார்ப் பெட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தார். வழி நெடுகப் புளியமரங்கள் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தன.

சம்மன் வரவில்லை. ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருஷம். முதலாளி சொல்லிப் பார்த்தார்: "ஏலே, மெட்டுல எந்தப் போலீசு உன்னைய மறிக்கப் போறான்? வண்டிய எடு." அண்ணன், "மறிக்க மாட்டாகங்க. தொட மாட்டேன்னு நான்தான சொல்லிப்புட்டு வந்தேன்" என்றார். வேறொரு ஓட்டுநரை வைத்தார்கள். அதே ஜீப்பில் அண்ணன் கிளீனராக ஏறினார். இருபது வருஷம் உட்கார்ந்த இருக்கைக்குப் பின்னால் நின்றுகொண்டு, வண்டி நிற்கும்போது குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார். சம்பளம் பாதியானது. அவருடைய வீட்டம்மா ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து என் மேசைக்கு முன் நின்றார். "ஊருக்கெல்லாம் மனு எழுதுறீகளே அப்பு, எங்க வீட்டு மனுசனுக்கு ஒரு காகிதம் வாங்கித் தர முடியலையா? பகல்ல வண்டியில தொத்திக்கிட்டுப் போறாரு. ராவுல தூக்கத்துல காலால பிரேக்க மிதிக்கிறாரு. நான்தான் மிதிபடுறேன்" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை.

முதல் மனுவை மிகத் திறமையாக எழுதியிருந்தேன். கல் மனுதாரருடையது என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. மொழி தெரியாத பதற்றத்தில் அவர் கூறியதை ஒப்புதலாகக் கொள்ளலாகாது என்று. வாசித்துக் காட்டியபோது அண்ணன் கடைசிவரை கேட்டார். "மெட்ராஸுலயும் தமிழுதான தம்பி பேசுனாக?" என்றார். பிறகு, "எழுத்து நல்லா இருக்கு. ஆனா இதுல இருக்குற ஆளு நான் இல்லையே" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது மனு சின்னது. 'கல் என்னுடையது. வண்டி உருளாமல் இருக்க வைத்தேன். எடுத்தவர் திரும்ப வைப்பார் என்று நம்பினேன்.' அதன் கீழே எண்பத்து நான்காம் பிரிவைக் காட்டி, வேறு தக்க ஏற்பாடு என்பது இதுவே என்று மட்டும் நான் சேர்த்தேன். அண்ணன் கையெழுத்துப் போட்டார். காவல் நிலையத்துக்கு ஒன்று, மேல் அதிகாரிக்கு ஒன்று, உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு ஒன்று. உரிமம் வழங்கும் அலுவலகம், உரிமத்தை இணைத்து அனுப்பினால் ஆவன செய்யப்படும் என்று பதிலளித்தது. மற்றவை பதிலளிக்கவில்லை. நான் நினைவூட்டு, இரண்டாம் நினைவூட்டு, மூன்றாம் நினைவூட்டு என்று எழுதிக்கொண்டே போனேன். சில நாள் மாலையில், ஜன்னலுக்கு வெளியே மலை பனிக்குள் கரைந்துகொண்டிருக்கும்போது, நான் யாருக்கு எழுதுகிறேன் என்பதே மறந்துபோகும். அந்தத் தெரு, வேப்பமரம், மேசைக்கடியில் இருட்டில் கிடக்கும் கல் எல்லாம் கண்ணுக்கு முன் வரும். கல்லுக்குக் கடிதம் எழுதுவதாகவே தோன்றும்.

பதில் ஒருநாள் வந்தது. பழுப்பு உறையைப் பிரித்ததும் உரிமப் புத்தகம் மேசையில் விழுந்தது. கூடவே நாலு வரி. குறிப்பிட்ட சம்பவத்தில் காயமடைந்தவர் அன்று மாலையே, தன் கவனக்குறைவால் விழுந்ததாகவும் யார்மீதும் புகாரில்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். எனவே வழக்கு ஏதும் பதியப்படவில்லை. இழுப்பறை மாற்றும்போது கிடைத்த உரிமம் இத்துடன் அனுப்பப்படுகிறது. கல் குறித்து இந்நிலையத்தில் பதிவு எதுவுமில்லை.

ஜீப் மலையிலிருந்து இறங்கும்வரை காத்திருந்து அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். இத்தனை வருஷம் வீணாகப் போயிற்றே என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர், "அன்னைக்குச் சாயந்தரமே விட்டுட்டாரா அந்த மனுசன்? கை ஒடிஞ்ச வலியோடயா?" என்று கேட்டார். வழக்கே இல்லையாம், எதுவுமே நடக்கவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். "அவுக எழுதாட்டி நடக்காமப் போயிருமா தம்பி?" என்றார். அப்புறம் மெதுவாக, "இப்பத் தொடலாமா?" என்று கேட்டார்.

உரிமத்தின் காலம் எப்போதோ முடிந்திருந்தது. புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், ஓட்டிக் காட்ட வேண்டும். எல்லாம் எனக்குத் தெரியும். மெட்ராஸ் தெருவில் சொல்ல வேண்டியதைக் கவனமில்லாமல் சொல்லாமல் விட்டவன், இந்த முறை தெரிந்தே சொல்லாமல் விட்டேன். "தொடலாம்ணே" என்றேன்.

காலி ஜீப்பில் நாங்கள் இருவர் மட்டும் மலையடிவாரத்தில் ஏற்றம் தொடங்குகிற இடம்வரை போனோம். அவர் கைகள் எதையும் மறந்திருக்கவில்லை. முதல் வளைவில் நிறுத்தி, சக்கரத்தை மலைப்பக்கம் ஒடித்து, பாதையோரத்தில் ஒரு கல்லைத் தேடி எடுத்து வந்து வைத்தார். புதுக்கல், சரியாக உட்காரவில்லை. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். கீழே போடி தன் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தது. நான் சொன்னேன்: "அண்ணே, அன்னைக்குச் சாவிய எடுக்கவா விடவான்னு கேட்டீக. நான்தான்…"

"தெரியும் தம்பி" என்றார், கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல். "பொறகு எதுக்கு இத்தனை மனு எழுதுனீக?"

காலம் முடிந்த விஷயத்தை மறுநாள் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார். முறைப்படி புதுப்பித்துக்கொண்டு இன்னும் எட்டு வருஷம் ஓட்டினார்.

போன மாதம் என் மகன் சென்னையில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப்போனான். வண்டி நிறுத்தும் இடம் நிரம்பி வழிந்தது. மற்ற கார்களுக்குக் குறுக்கே எங்கள் காரை நிறுத்தச் சொன்ன காவலாளி ஜன்னலில் குனிந்து, "ஹேண்ட் பிரேக் போடாதீங்க சார், நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க. மத்தவங்க வெளிய எடுக்கணும்னா தள்ளிக்குவோம்" என்றார். இப்போதைய சட்டத்தில் அதே விதி நூற்று இருபத்தாறாம் பிரிவாக இருக்கிறது. காவலாளி சொன்னது அதற்கு நேர் விரோதம். இறங்கிப் பின்பக்கம் போய், சக்கரத்துக்குக் கீழே ஒருமுறை குனிந்து பார்த்தேன். "என்னப்பா தேடுறீங்க?" என்றான் மகன்.

ஒன்றுமில்லை என்றேன். அந்தக் கல் இந்த ஊரில் எங்கோ ஒரு சுவருக்குள்ளோ, ஒரு சாலைக்கு அடியிலோ இருக்கத்தான் வேண்டும். அதைப் பற்றிப் பதிவு எதுவுமில்லை என்று வந்த அந்தப் பதிலை மட்டும் பழைய கோப்பில் இன்னும் வைத்திருக்கிறேன். அதன் மூலையில், எந்தத் தாள் வந்தாலும் குறிப்பதுபோல, பெற்றுக்கொண்ட நாளைச் சிவப்பு மையில் குறித்திருக்கிறேன்: 1984 பிப்ரவரி 16, வியாழக்கிழமை.